இரண்டாம் முறை கேட்கும் காப்புரிமை

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கண்மாயும் வயலும் தென்னந்தோப்புமாக அமைந்திருக்கும் தேவதானத்தில், நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியைத் தரிசிக்க வருவோரும் சாஸ்தா கோயில் அருவியில் குளிக்கப் போவோரும் தவிர வெளியூரார் வண்டியை நிறுத்துவதற்கு அதிக முகாந்தரம் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் வடக்கே இராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் உள்ள பொறியியற் கல்லூரிகளுக்குப் படிக்கவும், தெற்கே மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோ போன்ற நிறுவனங்களுக்கு வேலை தேடியும் போகிறார்கள். பஞ்சு மில்லைப் போலவே மென்பொருளும் இச்சீமையின் ஜீவனோபாயங்களில் ஒன்றாகிவிட்டது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த ராம்கோ குழுமத்தின் மென்பொருள் நிறுவனம், சென்னையில் இருந்துகொண்டு தேசதேசாந்தரங்களில் வியாபாரம் செய்தாலும், தன் பதிவு அலுவலகத்தை இராஜபாளையத்திலேயே வைத்திருக்கிறது. ஆகவே மென்பொருள் காப்புரிமையைப் பற்றிய தர்க்கம் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்று நாம் கைகழுவி விடுவதற்கில்லை.

அந்தத் தர்க்கத்தில் ஒரு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள் சம்பந்தமாக ஒருவர் கொடுத்த விண்ணப்பத்தைப் பரிசோதித்த அதிகாரி, இதே கண்டுபிடிப்புக்கு இவரே முன்னர் காப்புரிமை பெற்றிருக்கிறார், அல்லது கேட்டிருக்கிறார், ஆதலால் இன்னொன்று கொடுப்பதற்கில்லை என்று திருப்பிவிடுவதுண்டு. இதனை இரட்டைக் காப்புரிமை மறுப்பு என்பார்கள். பிறர் சரக்கைத் திருடியதாக அல்ல, தம் சொந்தச் சரக்கையே தமக்கு எதிராகக் காட்டி மறுத்துவிட்டார்களே என்று விண்ணப்பதாரர் மனம் நொந்துபோவது இயற்கைதான். ஆயினும் அந்த மறுப்பு நியாயமானது, அதை நம் தேசம் தளர்த்தவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

காப்புரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தம் யுக்தியை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிரதியாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அவர் சம்மதமின்றி வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாதென்று சர்க்கார் காவல் நிற்கும். தவணை முடிந்ததும் அது ஊர்ப் பொதுச் சொத்தாகிவிடும். (ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்தது இவ்வகை உரிமையன்று. அது புவிசார் குறியீடு. பத்தாண்டுக்கொரு முறை புதுப்பித்து எத்தனை தலைமுறைக்கும் வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக எழுதிக் குழப்பிவிட்டன.) கண்மாய்ப் பாசனத்தில் தன் முறைத் தண்ணீரைப் பாய்ச்சி முடித்தவன், மகன் பேரைச் சொல்லி மறுபடியும் மடையைத் திறக்க வந்தால் நீர்பாய்ச்சி என்ன சொல்வானோ, அதைத்தான் காப்புரிமை அலுவலகத்துப் பரிசோதகரும் சொல்கிறார்.

ஆனால் மென்பொருள் விஷயத்தில் மகன் பேர் வெளிப்படையாகத் தெரிவதில்லை, அதுதான் சங்கடம். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் நிறைய ஓடுகின்றன. ஓர் இளைஞர் தறிக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தி, நெய்து வரும் துணியைக் கணந்தோறும் படம் எடுத்து, இப்போதைய படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, ஊடை அறுந்து இடைவெளி விழுந்திருந்தால் தறியைத் தானாக நிறுத்திவிடும் ஒரு நிரலை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் விண்ணப்பத்தில் உரிமைக் கோரிக்கை இப்படி இருக்கும்: படம் எடுத்தல், முந்தையதோடு ஒப்பிடுதல், வேறுபாடு குறித்த எல்லையைத் தாண்டியதா என்று பார்த்தல், தாண்டினால் தறியை நிறுத்துதல் என்னும் நான்கு படிகள் கொண்ட ஒரு முறை. சில காலம் கழித்து, வக்கீலின் ஆலோசனைப்படி இரண்டாவது விண்ணப்பம் ஒன்று போகிறது. அதில் கோருவது ஒரு கருவி: படம் எடுப்பதற்கொரு கேமரா, முந்தைய படத்தை வைத்திருப்பதற்கொரு நினைவகம், வேறுபாட்டைக் கணிப்பதற்கொரு செயலி, தறியை நிறுத்துவதற்கொரு சுவிட்சு. மூன்றாவதும் ஒன்று வரலாம்; அது மேற்படி காரியங்களைச் செய்யும் கட்டளைகள் பதிந்த நினைவுத் தட்டைக் கோரும்.

பரிசோதகர் காகிதத்தில் நடுவே ஒரு கோடு கிழித்து இடப்பக்கம் முதல் விண்ணப்பத்தின் வரிகளையும் வலப்பக்கம் இரண்டாவதன் வரிகளையும் எழுதிப் பார்க்கிறார். இடப்பக்கம் எடுத்தல் என்பது வலப்பக்கம் எடுப்பதற்கான கேமரா. இடப்பக்கம் ஒப்பிடுதல் என்பது வலப்பக்கம் ஒப்பிடும் செயலி. இராட்டினத்திலோ பூட்டிலோ உறுப்பு மாறினால் வேலையும் மாறும். நிரலிலோ, அதே வேலையைச் செய்கை என்றும் கருவி என்றும் நினைவுத் தட்டு என்றும் எத்தனை வேஷத்திலும் எழுதிவிடலாம். எழுதத் தெரிந்தவருக்கு அது அரை மணி நேரச் சாமர்த்தியம். இவை மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் அடுத்தடுத்துக் கோருவதில் குற்றமில்லை; எல்லாத் தேசங்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள். தனித்தனிக் காப்புரிமைகளாகக் கேட்கும்போதுதான் விவகாரம் பிறக்கிறது.

நம் சட்டம் இதைப் பற்றிச் சொல்லியிருப்பது கொஞ்சமே, ஆனால் போதுமானது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்கார், இந்தியாவில் காப்புரிமை வைத்திருப்போர் பெரும்பாலும் அந்நியரே என்பதைக் கண்டு, இந்த ஏற்பாட்டால் இத்தேசத்து ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று ஆராய்ந்து 1959-ல் அளித்த அறிக்கையின் அஸ்திவாரத்தில் எழுந்தது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். அதன் 46-வது பிரிவு, ஒரு காப்புரிமை ஒரே ஒரு கண்டுபிடிப்புக்குத்தான் கொடுக்கப்படும் என்கிறது. ஒரே விண்ணப்பத்தில் பல கண்டுபிடிப்புகள் இருந்தால் அவற்றைப் பிரித்துக் கிளை விண்ணப்பம் போட 16-வது பிரிவு இடம் கொடுக்கிறது. கொடுக்கும்போதே, தாய் விண்ணப்பத்தில் கோரிய எதையும் கிளையிலும், கிளையில் கோரிய எதையும் தாயிலும் கோரக்கூடாதபடி திருத்தச் சொல்லும் அதிகாரத்தையும் அதிகாரிக்குக் கொடுக்கிறது. மென்பொருளுக்கோ இதற்கு முன்னால் இன்னொரு வாயிற்படி இருக்கிறது. கணினி நிரலை நிரல் என்ற மாத்திரத்தில் கண்டுபிடிப்பாகக் கொள்ளலாகாது என்று 3-வது பிரிவில் (கே) உட்பிரிவு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் பாராளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. விளம்பரதாரர்கள் ஏலம் கேட்டுத் தேடல் முடிவுகளில் முன்னிடம் பெறும் முறைக்கு யாஹூ நிறுவனம் சென்னையில் கேட்ட காப்புரிமை, ரெடிஃப் நிறுவனத்தின் ஆட்சேபணையின் பேரில் மறுக்கப்பட்டு, சென்னையிலேயே இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமும் 2011 டிசம்பரில் அது வியாபார முறையே என்று கூறி மறுப்பை உறுதி செய்தது. நம் தறி இளைஞர் கதை வேறு. அவர் நிரல் ஓர் இயந்திரத்தை நிறுத்துகிறது. தொழில்நுட்ப விளைவு உண்டென்று அவர் வாதிக்கலாம். அந்தப் படியைத் தாண்டியவருக்குத்தான் இரட்டைக் காப்புரிமை என்ற கேள்வியே எழும்.

இங்கே விஷயமறிந்தவர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். அது லேசான ஆட்சேபமன்று. கிளை விண்ணப்பத்துக்கும் தாயின் தேதியே கணக்கு. இரண்டும் ஒரே நாளில் காலாவதியாகும். ஆகவே இரண்டு கொடுத்தால்தான் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள் கேட்கிறார்கள். அமெரிக்கா இந்தக் கேள்விக்கு நஷ்டமில்லை என்றே பதில் சொல்லி வந்திருக்கிறது. அங்கே முன்னதிலிருந்து அற்ப வேறுபாடே உள்ள இரண்டாவது விண்ணப்பத்தைப் பரிசோதகர் மறுத்தால், விண்ணப்பதாரர் டெர்மினல் டிஸ்க்ளெய்மர் என்றொரு பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும்: முதலாவது முடியும் நாளுக்கு மேல் இரண்டாவதற்கு ஆயுள் வேண்டாம், இரண்டையும் பிரித்து வேறு வேறு ஆட்களுக்கு விற்கவும் மாட்டேன் என்பது அதன் சாரம். கையெழுத்தானதும் மறுப்பு கரைந்துபோகிறது. இரண்டாவதும் கிடைக்கிறது, மூன்றாவதும் கிடைக்கிறது.

இதன் பலனை சிம்பிள்ஏர் என்ற சிறு நிறுவனம் கூகுளோடு நடத்திய வழக்குகளில் காணலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு அறிவிப்புகளை அனுப்பும் சேவை தன் காப்புரிமையை மீறுவதாக அது தொடுத்த வழக்கில், டெக்ஸஸ் ஜூரிகள் 2014-ல் 8.5 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தார்கள். மேல் நீதிமன்றம் 2016-ல் அதைத் தள்ளிவிட்டது. அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை; அதே விவரக்குறிப்பிலிருந்து பிறந்து, மேற்படி துறப்புப் பத்திரத்தோடு பெற்ற கிளைக் காப்புரிமைகளை ஏந்திக்கொண்டு அந்நிறுவனம் அதே சேவையின்மீது மீண்டும் மீண்டும் படியேறியது. இதெல்லாம் ஒரே வழக்குத்தானே என்று கீழ்க்கோர்ட்டு ஒரு முறை தள்ளுபடி செய்ய, 2018-ல் மேல் நீதிமன்றம், துறப்புப் பத்திரம் எழுதியது பலமான அறிகுறியே ஆயினும் அது ஒன்றே போதாது, கோரிக்கைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று திருப்பியனுப்பியது. எதிராளி கூகுளாக இருந்தபடியால் தாங்கியது. அந்த இடத்தில் தென்காசிச் சாலையில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் பத்துப் பேரோடு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனி இருந்திருந்தால், இரண்டாவது நோட்டீஸ் வருமுன்பே கதவைச் சாத்தியிருக்கும். ஆயுள் நீளாவிட்டாலும் எண்ணிக்கை பெருகுவதே ஓர் ஆயுதம் என்பதை, இரண்டும் ஒரே நாளில் சாகும் என்று சமாதானம் சொல்வோர் கவனிக்கத் தவறுகிறார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கே இது உறைத்து, இவ்வாறு முடிச்சிட்ட காப்புரிமைகளில் ஒன்றன் கோரிக்கை செல்லாது என்று தீர்ந்தால் மற்றதையும் அமல்படுத்த முடியாதபடி ஒரு விதியை 2024 மே மாதம் முன்மொழிந்தது. எதிர்ப்பு பலமாகவே, அவ்வருஷ டிசம்பரில் அதை வாபஸ் பெற்றுக்கொண்டது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பெரிய மேல்முறையீட்டு வாரியமோ 2021-ல், ஒரே விண்ணப்பதாரருக்கு ஒரே பொருளின்மீது இரண்டு கொடுப்பதற்கில்லை என்று தீர்த்துவிட்டது.

நம் நாட்டில் கிளை விண்ணப்பத்தை வேறொரு தந்திரத்துக்கும் உபயோகிக்கிறார்கள். தாய் விண்ணப்பத்தின் விசாரணை பாதகமாய்ப் போகிறதென்று கண்டதும், உத்தரவு வருமுன்னரே, ஏறக்குறைய அதே கோரிக்கைகளோடு கிளை ஒன்றைத் தாக்கல் செய்துவிட்டால், விவகாரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. முடியும்வரை அத்துறையில் வேறு யாரும் துணிந்து முதல் போட முடியாது. மென்பொருளில் மூன்று வருஷம் என்பது ஒரு தலைமுறை.

ஆயுளே நீளும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதற்கு இந்தியாவில் நன்கு ஆராயப்பட்ட உதாரணம் மருந்துத் துறையில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் பலர் இன்று விழுங்கும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையின்மீது ஆஸ்ட்ராஜெனிகா நிறுவனம் இரண்டு காப்புரிமைகள் வைத்திருந்தது. பல சேர்மங்களை ஒரு குடும்பமாக அணைத்துச் சொன்ன முதலாவது 2020 அக்டோபர் 2-ல் முடிந்தது. அக்குடும்பத்தில் ஒன்றைத் தனியே பேர் சொன்ன இரண்டாவது 2023 மே 15 வரை செல்லும் என்றார்கள். இந்திய நிறுவனங்கள் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தவுடன், இரண்டு காப்புரிமைகளும் மீறப்பட்டன என்று வழக்குப் போட்டார்கள். ஒரே பொருளை விற்றதால் இரண்டும் மீறப்பட்டன என்றால் கண்டுபிடிப்பு ஒன்றுதானே, ஒன்றுக்கு எப்படி இரண்டு என்று கேட்டு, டெல்லி உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு 2021 ஜூலையில் தடையுத்தரவை மறுத்தது. இதற்கு வித்திட்டது சென்னை என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. நோவார்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் என்னும் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2013 ஏப்ரல் 1-ல் மறுப்பே நிலைத்தபோது, முதல் காப்புரிமையின் எல்லைக்குள் மருந்து அடங்கும், ஆனால் அதில் வெளிப்படுத்தப்படவில்லை என்று ஒரே வாயால் இரண்டு பேச இடமில்லை என்பதும் உறுதியாயிற்று. மருந்துக்குச் சொன்ன அந்த நியாயம் நிரலுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் தன் நிரலை மேன்மேலும் சீர்திருத்திக்கொண்டே போகிறவன் கதி என்ன? கேமராவோடு நில்லாமல், ஊடை அறுவதற்கு முன்பே நூலின் அதிர்வைக் கொண்டு எச்சரிக்கும்படி நம் தறி இளைஞர் அடுத்த வருஷம் திருத்தினால் அவருக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு, யாரும் எடுத்துச் சொல்லாத வழி ஒன்று உண்டு. சட்டத்தின் 54-வது பிரிவு, மூலக் கண்டுபிடிப்பில் செய்த அபிவிருத்திக்கு அதே உரிமையாளர் சேர்க்கைக் காப்புரிமை பெறலாம் என்கிறது. அதற்குத் தனியே ஆண்டுக் கட்டணம் கிடையாது. மூலம் முடியும் நாளில் அதுவும் முடியும். மூலத்தோடு ஒப்பிட்டு இதில் புத்திசாதுரியம் போதாது என்று அதைத் தள்ளவும் முடியாது. அமெரிக்கர் துறப்புப் பத்திரத்தால் சாதிப்பதில் நேர்மையான பங்கு முழுவதையும் ஐம்பது வருஷங்களுக்கு முன்பே நாம் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம். ஆகையால் அந்தப் பத்திரத்தை இங்கேயும் இறக்குமதி செய்ய வேண்டுமென்று எழும் யோசனைகளுக்குச் சர்க்கார் செவிசாய்க்கத் தேவையில்லை.

மறுப்பு நியாயமானது என்று சொன்னேனே தவிர, மறுக்கும் விதமெல்லாம் நியாயமானது என்று சொல்லவில்லை. இரண்டு விண்ணப்பங்களின் எண்களைக் குறித்து, கோரிக்கைகள் ஒன்றே எனக் காணப்படுகிறது என்று ஒரு வரியில் முடித்துவிடும் உத்தரவு, உத்தரவே அல்ல. கிளை விண்ணப்பம் போட வேண்டுமானால் பல கண்டுபிடிப்புகளும் தாயின் கோரிக்கைகளிலேயே இருந்தாக வேண்டும் என்று 2022-ல் போரிங்கர் இங்கல்ஹைம் வழக்கில் டெல்லியில் ஒரு நீதிபதி கருதினார். விவரக்குறிப்பில் வெளிப்படுத்தியிருந்தாலே போதும் என்று 2023 அக்டோபரில் சின்ஜென்டா வழக்கில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு திருத்தியது. 2024 மார்ச்சில் விதிகளும் அவ்வாறே மாற்றப்பட்டன. திருத்தியதே சரி. உள்ளதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியவன், கோர மறந்ததற்காகத் தண்டிக்கப்படலாகாது. வேறொன்றைக் கோருகிறவனையும் அதையே மறுபடி கோருகிறவனையும் ஒரே தட்டில் வைக்கும் சோம்பலும் கூடாது. தாமதமோ இன்னும் கொடிது. ஃபெரித் அல்லானி என்ற துனிசியர் 2002-ல் கேட்ட கணினி சம்பந்தமான காப்புரிமைக்கு 2020-ல்தான் அனுமதி உத்தரவு கிடைத்தது. இருபதில் பதினெட்டு வருஷம் தாழ்வாரத்திலேயே கழிந்தது.

சென்னை கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தார்க்கு என் விண்ணப்பம் ஒன்றே. இரட்டைக் காப்புரிமை என்று மறுக்கும் ஒவ்வோர் உத்தரவிலும், நான் மேலே சொன்ன இரண்டு பத்திக் கட்டத்தை, கோரிக்கை கோரிக்கையாக எழுதி இணைத்துவிடுங்கள். விண்ணப்பதாரர் இன்ன வரியில் வேறுபாடு உண்டென்று விரல் வைத்துக் காட்டலாம்; மேல்முறையீட்டைக் கேட்கும் உயர் நீதிமன்றத்துக்கும் பாதி வேலை குறையும்.

காப்புரிமை கொடுக்குமுன்பே எந்தப் பிரஜையும் ஆட்சேபிக்கலாம் என்று 25-வது பிரிவு அளித்த உரிமைக்கு, 2024 விதிகள் கட்டணமும் விதித்து, ஆட்சேபணை ஏற்கத் தக்கதா என்று அதிகாரி முன்கூட்டியே வடிகட்டவும் இடம் கொடுத்திருக்கின்றன. கிளிவெக் மறுக்கப்பட்டதும் யாஹூ மறுக்கப்பட்டதும் இத்தகைய ஆட்சேபணைகளால்தான். கம்பெனிகள் ஒருவரையொருவர் இழுத்தடிக்க இதை உபயோகிக்கிறார்கள் என்பது மெய்யே; அதற்காகத் தனி மனிதரிடமும் கட்டணம் கேட்பது தகாது. மத்திய சர்க்கார் அவர்களுக்காவது அதை நீக்க வேண்டும்.

கிருஷ்ணன்கோவிலிலும் இராஜபாளையத்திலும் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பங்கள் தாக்கலாகி 18 மாதங்களில் வெளியாகிவிடும். அவற்றை இணையத்தில் படிக்கக் காசு கேட்பதில்லை. நீங்கள் எழுதும் நிரலின் துறையில் யார் எதை இரண்டாம் முறை கேட்கிறார்கள் என்று வாரம் ஒரு மணி நேரம் பாருங்கள். காப்புரிமை கொடுக்கும்வரை யாரும் ஆட்சேபிக்கலாம். கொடுத்து வெளியான பின் சம்பந்தப்பட்டவர் ஆட்சேபிக்க ஒரு வருஷம் அவகாசம் உண்டு. அதற்கும் பிறகு உயர் நீதிமன்றம்தான்.